கவிஞர் மூவர், கவிதாயினி ஒருவர்

தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கும் துணையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் வந்த கவியரங்கச் செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் என்னோடு பேசிய துணையாசிரியருக்கு விவரம் தெரியும். அவருடைய பத்திரிகையில் மட்டும் நடப்பதில்லை என்பதால் இம்மடல் எல்லோருக்கும்.

மேடையில் நாங்கள் நால்வர். படத்தின் கீழே மூவருக்குக் 'கவிஞர்', எனக்குக் 'கவிதாயினி'. அதோடு நின்றிருந்தால் பழகிப்போன எரிச்சல் என்று விட்டிருப்பேன். மற்ற மூவரின் கவிதைகளிலிருந்தும் இரண்டிரண்டு வரிகள் எடுத்துப் போட்டிருந்தீர்கள். நான் வாசித்தது எங்கள் ஊர் ஏரியைத் தூர்த்து மனை போட்ட கதை. அதிலிருந்து ஒரு வரிகூட இல்லை. 'குடும்பப் பொறுப்புகளுக்கு இடையிலும் எழுதிவரும் கவிதாயினி மென்மையான கவிதை வாசித்தார்' என்று முடித்துவிட்டீர்கள். மனை விற்றவர் முன்வரிசையில்தான் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் மென்மை என்று எழுதக் கை வந்திருக்காது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கும் மனைவி உண்டு, மூன்று பிள்ளைகள் உண்டு. அவருடைய குடும்பப் பொறுப்பு ஏனோ செய்தியாகவில்லை.

திருத்தம் போடுங்கள் என்று கேட்டேன். "பெண் என்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா, மேடம்?" என்றார் துணையாசிரியர். பெயர் போட்டிருக்கிறீர்கள், படமும் போட்டிருக்கிறீர்கள். இதற்கு மேலும் தெரியாத வாசகருக்குக் கவிதாயினி என்ற சொல் மட்டும் எப்படிப் புரியும்?

கவிஞர் என்ற சொல்லில் உள்ள 'அர்' மரியாதை ஈறு, இருபாலருக்கும் பொது. ஆணை மட்டும் குறிக்க வேண்டுமானால் கவிஞன் இருக்கிறது. வழக்கறிஞர், மருத்துவர், அமைச்சர், ஆட்சியர் என்று பெண்களையும் தயக்கமின்றி எழுதுகிறீர்கள். ஆட்சியாயினி என்று எந்தப் பத்திரிகையும் இதுவரை எழுதவில்லை. எழுதினால் மறுநாள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கவிதை எழுதுகிறவளிடம் அந்தப் பயம் தேவையில்லை போலும்.

இது புதுமை மோகமும் அல்ல. ஔவையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார் எல்லோரும் 'ஆர்' ஈறு பெற்றவர்கள், கபிலரையும் பரணரையும் போலப் புலவர்கள். சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர் காக்கைப்பாடினியார் நச்செள்ளையார். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவருக்கு அக்காலக் காசான காணம் நூறாயிரமும் கூடவே பொன்னும் கொடுத்தான் என்கிறது அந்தப் பத்தின் முடிவில் உள்ள பதிகம். பெண்பால் பார்த்துப் பரிசைக் குறைத்ததாக அதில் செய்தி இல்லை.

ஆண்கள் பக்கமோ தாராளம். பிறந்தநாள் சுவரொட்டிக்கு எதுகை பிடித்துக் கொடுத்தவரும் உங்கள் பக்கங்களில் கவிஞர்தான். கொஞ்சம் பெயர் வந்துவிட்டால் கவியரசு, கவிக்கோ, கவிப்பேரரசு என்று முடியும் செங்கோலும் வந்து சேரும். சரோஜினி நாயுடு 1925-இல் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர், 1947-இல் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநரானவர். ஒரு மாகாணத்தையே ஆண்டவருக்கும் நாம் கொடுத்து வைத்திருப்பது 'கவிக்குயில்' என்ற பெயர். ஆண்களுக்கு அரசு, எங்களுக்குப் பறவை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறிய காரியம். கவிதை எழுதுகிற பெண்ணையும் கவிஞர் என்று எழுதுங்கள். பெண்களின் கவிதையைத் தனியே ஆராயும் கட்டுரையில் 'பெண் கவிஞர்கள்' என்று வருவதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. கவியரங்கச் செய்திக்கும் படக்குறிப்புக்கும் அந்தக் காரணம் இல்லை. உங்களால் முடியாததும் அல்ல. 2025-இல் சல்மா மாநிலங்களவைக்குப் போனபோது 'கவிஞர் சல்மா' என்று எழுதினீர்களே, எந்த வாசகர் குழம்பினார்? பதவி வராதவர்களுக்கும் அதே சொல்லைத் தாருங்கள்.

செய்தியறையில் நடைக்குறிப்பு வைத்திருப்பீர்கள். அதில் ஒரு வரி சேர்த்துவிட்டால் இரவுப் பணியில் இருப்பவருக்கும் குழப்பம் இராது. சென்ற வாரச் செய்திக்கான திருத்தத்தையும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால் ஏரியைப் பற்றிய வரிகள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கவிதைப் பிரதி உங்கள் நிருபரிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
அன்று மேடையில் நான்காவதாக வாசித்த கவிஞர்