மெர்டேக்கா படிக்கட்டில் ஒரு ராத்திரி

அன்பு பாப்பாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் நலம். போன வாரம் போனில், "கோலாலம்பூர்ல அந்த 118 மாடிக் கட்டடத்தைப் பார்த்தீங்களாப்பா?" என்று கேட்டாயே. பார்த்தேன். 678.9 மீட்டராம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மெர்டேக்கா எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நான் பார்க்கப் போனதென்னவோ அதன் காலடியில் கிடக்கும் பழைய மெர்டேக்கா ஸ்டேடியத்தை.

1957 ஆகஸ்ட் 31, நம் முதல் பிரதமர் துங்கு அங்கே ஏழு முறை "மெர்டேக்கா", அதாவது விடுதலை, என்று முழங்கியதெல்லாம் பள்ளியில் படித்திருப்பாய். ஸ்டேடியம் திறந்ததே அதற்கு முதல் நாள்தான். வரைந்தவர் பொதுப்பணித் துறையின் ஸ்டான்லி ஜூக்ஸ். குன்றைத் தோண்டித் திடலைக் கீழே இறக்கிவிட்டார். வெளியே நின்றால் உயரமே தெரியாது. உள்ளே நுழைந்ததும் பச்சைப் புல் கிணறு மாதிரி காலடியில் விரியும். நான்கு மூலையிலும் கான்கிரீட் விளக்குக் கோபுரம். 20,000 பேருக்கென்று கட்டியதைப் பின்னால் பெரிதாக்கினார்கள். 1975இல் முகமது அலி ஜோ பக்னரோடு குத்துச்சண்டை போட்டதும் இங்கேதான்.

அதெல்லாம் கிடக்கட்டும். நான் தேடிப் போனது 1980 ஏப்ரல் 6 ராத்திரியை.

மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் கால்பந்து ஆட்டம். எதிரே தென்கொரியா. எனக்கு 14 வயது. தாத்தா அன்று காலை தோட்டத்தில் பால்வெட்டு முடித்து, ரப்பர் பால் வாசம் போகாத கையோடு என்னைக் கிள்ளானில் பஸ் ஏற்றினார். படிக்கட்டு ஈரமாக இருந்ததால் நாளிதழை இரண்டாகக் கிழித்து எனக்குப் பாதி, அவருக்குப் பாதி விரித்தார். ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே, அதான் வறுத்த கடலை, வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு கடலைகூட எடுக்கவில்லை.

கோலில் நம்ம ஆறுமுகம். 'ஸ்பைடர்மேன்' என்பார்கள், கை அவ்வளவு நீளம். பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தாத்தா மூச்சை அடக்கிக்கொள்வார். ஆட்டம் 1-1இல் இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் சபா மாநிலத்துக்காரர்கள் இருவர், ஹசான் சானி கொடுக்க ஜேம்ஸ் வோங் அடித்தார். 2-1. எழுந்து கத்தினேன், பொட்டலம் முன்வரிசைக்காரர் தலையில் கொட்டியது. அந்தச் சீனப் பெரியவர் திட்டவில்லை. திரும்பி என்னைத் தூக்கிவிட்டார். அப்படி ஒரு சத்தத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. புக்கிட் ஜாலில் பெரிய ஸ்டேடியம்தான், ஆனாலும் கேட்டதில்லை.

கடைசி பஸ் போய்விட்டது. பஸ் நிலையத்து பெஞ்சில் தாத்தா மடியில் தலைவைத்துத் தூங்கினேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நமக்குப் பதிலாக ஈராக் போனது. அரசு செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 14 வயதுப் பையனுக்கு அதெல்லாம் விளங்குமா? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தாத்தா எதுவும் பேசவில்லை. பேப்பரில் வந்த ஆட்டக்காரர்கள் படத்தை வெட்டி, சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சோற்றுப் பசையால் ஒட்டினார். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் போனபோது அந்தப் படத்துக்கும் ஒரு பூ வைத்தார்.

2007இல் கூடுதலாகக் கட்டியதை இடித்து, ஸ்டேடியத்தைப் பழைய உருவத்துக்கே கொண்டுவந்தார்கள். மறு வருடம் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. இப்படி இடித்து மாற்றியதால் நாங்கள் உட்கார்ந்த வரிசை எது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டுகிறேன், நீ நம்பிக்கொள்.

டிசம்பரில் வரும்போது ஒருநாள் எனக்கு ஒதுக்கிவை. தாத்தாவின் தகரப்பெட்டியில் அந்தப் படம் இருக்கிறது, விளிம்பெல்லாம் பொடிகிறது. மெல்போர்னில் பழைய காகிதத்தைச் சரிசெய்பவர்கள் இருந்தால் விசாரித்து வா.

அன்புடன்,
அப்பா