அரசியல் பேச ஓர் அறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல், ஓட்டுப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது பணப்பட்டுவாடா விவகாரத்தில் ரத்தானது நினைவிருக்கும். ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் ஓட்டுப் போட்டோம். அதற்குப் பிறகு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும் "உங்க ஊர்ல ரேட்டு எவ்வளவு?" என்றுதான் விசாரித்தார்கள். அரசியல் என்றால் மேலேயிருந்து காசு இறங்கும் என்று பெயரெடுத்த ஊரில், அரசியல் பேசுவதற்காக உங்களிடம் காசு கேட்டு வருகிறோம். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடும் உரையாடல் வட்டம் எங்களுடையது. உதயசூரியன், இரட்டை இலை, மாம்பழம், எதுவும் வேண்டாம் என்று நோட்டாவை அமுக்கியவர் எல்லாரும் ஒரே பாயில் உட்காருவார்கள். கரை வேட்டியோடு வரலாம். கட்சிப் பிரசாரம் மட்டும் கூடாது.

ஆரம்பத்தில் புலம்பல்தான் அதிகம். அதை மாற்றியவர் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும், பீடி சுற்றும் அக்கா ஒருவர். கிராம சபையில் வரவு செலவைக் கேட்கலாம், அந்தக் கணக்குக்குப் படிவம் 30 என்று பெயர் என்பதை இங்கே கேட்டுக்கொண்டு போனவர், அக்டோபர் 2 கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டார். தேடி எடுத்துவர நேரமானது; அதுவரை அவர் உட்காரவில்லை. தாளில் தெருவிளக்குப் பராமரிப்பு என்று ஒரு தொகை. "எங்க தெருவுல கம்பம் இருக்கு, விளக்கு எங்க சார்?" என்றார். அந்த மாதமே விளக்கு எரிந்தது. அதிலிருந்து எங்கள் கூட்டங்களில் "எல்லாம் அவனுங்கதான்" என்ற பேச்சு குறைந்து, "யாருக்கு மனு எழுதணும்?" என்ற பேச்சு கூடியிருக்கிறது.

இப்படிக் கேட்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. தோல் கழிவால் பாலாறு கெடுவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தில் அடக்கம் என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. சட்ட மாணவர்கள் இன்றும் அதை வேலூர் வழக்கு என்றே படிக்கிறார்கள். ஆறு சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. அலுப்பூட்டும் வேலைதான், விட்டால் அதுவும் நடக்காது. 2022-இல் வேலூர் மாநகராட்சி 37-ஆவது வார்டில் திருநங்கை கங்கா கவுன்சிலராக ஜெயித்தது 15 ஓட்டு வித்தியாசத்தில். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைகூட நிறையாது, அவ்வளவுதான் வித்தியாசம். "என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது" என்பவர்களுக்கு இதைச் சொல்கிறோம்.

சரி, காசு எதற்கு? இதுவரை ஓர் உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். அக்னி நட்சத்திரத்தில் ஏழு மணிக்கும் தரை சுடும், ஐப்பசியில் மழை. முட்டி வலிக்கிறவர்கள் மாடி ஏறாமல் நின்றுபோனார்கள். இப்போது சித்தூர் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், கீழ்த்தளத்திலேயே ஓர் அறை கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் முதலில் "அரசியலா, ஆளை விடுங்க" என்றவர், ஒரு ஞாயிறு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பிறகு அட்வான்ஸை 50,000-இலிருந்து 40,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டார். மாத வாடகை 4,000. அதோடு இரண்டு பெஞ்சு, ஒரு அலமாரி, தமிழில் அரசியலமைப்புச் சட்டம், பஞ்சாயத்துச் சட்டம், தகவல் உரிமை மனுவுக்கான பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, தபால் செலவு. இவற்றோடு அட்வான்ஸும் ஓராண்டு வாடகையும் சேர்த்து, மொத்தம் 1,10,000 ரூபாய் தேவைப்படுகிறது.

கட்சிகளிடமோ, பதவியில் இருப்பவர்களிடமோ, ஒப்பந்ததாரர்களிடமோ வாங்குவதில்லை. ஒருவரிடம் 2,000 ரூபாய்க்கு மேலும் வாங்க மாட்டோம். அறை யாருக்கும் சொந்தமாகிவிடக் கூடாது. ஐம்பது ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவு மாதாமாதம் அறைச் சுவரில் ஒட்டப்படும். படிவம் 30 கேட்கிறவர்கள் தங்கள் கணக்கைக் காட்டாமல் இருக்க முடியுமா?

பணமாகத் தர முடியாதவர்கள் பழைய நாற்காலி, மின்விசிறி தரலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டத்துக்கு வந்து பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கார்த்திகை முடிவதற்குள் அட்வான்ஸ் கொடுத்தால், தை முதல் தேதி சாவி தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உரையாடல் வட்ட அமைப்புக் குழு,
காட்பாடி, வேலூர்.