மலிவான பொருளுக்கும் ஸ்க்ரூ வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கழிவு பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். பழைய பொருட்களை எங்கே ஒப்படைப்பது, யார் சேகரிப்பது, எப்படி மறுசுழற்சி செய்வது என்றுதான் அவற்றில் பேச்சு. தேவையான பேச்சுதான். ஆனால் அந்தப் பொருள் கழிவாவதற்கு முன்னால் அதை யாராவது திறந்து பார்த்தார்களா என்று எந்தச் செய்தியும் கேட்பதில்லை.

நான் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். பற்றவைத்துப் பழகிய கை என்பதால் தெருவில் எரியாத பல்பு, சார்ஜ் நிற்காத எமர்ஜென்சி லைட், கொசு பேட் எல்லாம் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். காசுக்குச் செய்வதில்லை. காசுக்குச் செய்து கட்டுப்படியாகவும் ஆகாது. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எல்இடி பல்பு. அணைந்துவிட்டால் ‘ஃபியூஸ் போயிடுச்சு’ என்று குப்பையில் போடுகிறோம். மேலே உள்ள வெள்ளை மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு அலுமினியத் தட்டு, அதன்மேல் மஞ்சளாகச் சின்னச் சின்ன எல்இடிகள். பெரும்பாலான பல்புகளில் அவை ஒன்றன்பின் ஒன்றாக, சீரிஸில் இருக்கும். அதனால் ஒன்று போனாலும் மொத்தமும் இருட்டு. போனது எது என்று தேடப் பல சமயம் மீட்டர்கூட வேண்டாம், அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு, அந்த ஒன்றை நீக்கி இரு முனைகளையும் ஈயத்தால் இணைத்துவிட்டால் மற்றவை எரியும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இரண்டு மூன்று போயிருந்தால் இந்த வைத்தியம் வேண்டாம். மிச்ச வோல்டேஜைக் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் சில்லான டிரைவர் ஐசி சுமக்க வேண்டியிருக்கும், அது சூடேறிப் போய்விடும்.

ஏன் போகிறது என்று கேட்டால், சூடு. கூடுதலாக எல்இடி வைக்க வேண்டிய இடத்தில் சிக்கனம் பார்த்துக் குறைவாக வைத்து, ஒவ்வொன்றிலும் தாங்கும் விளிம்பு வரை கரன்ட்டை ஓட்டுகிறார்கள். அட்டையில் 25,000 மணி நேரம் என்று அச்சடித்திருக்கும். எல்இடி அவ்வளவு உழைக்கலாம். பக்கத்தில் வேகிற, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சர் உழைக்காது. அதன் உடம்பில் 105 டிகிரி என்று எழுதியிருந்தாலும், சாதாரண ரகத்துக்கு அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம்தான் கணக்கு. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். காற்றே புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டிய பல்பு சீக்கிரம் போவது இதனால்தான். சேலத்துச் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் எமர்ஜென்சி லைட். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் இருக்கும் என் சித்தப்பா, காற்றுமழைக்கு மரம் விழுந்து கரன்ட் போகும் காலம் வந்தால் லைட்டைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிடுவார். உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. முழுக்க வற்றிய நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து செத்துவிடும். அதற்குப் பிறகு சார்ஜ் விளக்கு எரியும், லைட் ஐந்து நிமிடத்தில் படுத்துவிடும். போர்டும் எல்இடியும் பல நேரம் நன்றாகவே இருக்கும். பேட்டரியை மாற்ற இரண்டே வயர்தான் பற்றவைக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு வயரைத் தொடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சில மாடல்களில் பிளாஸ்டிக் கூட்டை உருக்கி ஒட்டியிருப்பார்கள், உடைக்காமல் திறக்க வழியில்லை. வேறு சிலவற்றில் முக்கோணத் தலை ஸ்க்ரூ. அதற்கான ஸ்க்ரூட்ரைவர் எத்தனை வீட்டில் இருக்கும்? பேட்டரியைக் குப்பையில் போட்டால் ஈயமும் அமிலமும் மண்ணுக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஒட்டுகிறார்கள்.

கொசு பேட்டைத் தொடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பட்டனை விட்ட பிறகும் கண்டன்சரில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பல மலிவு ரகங்களில் சார்ஜ் ஏற்றும் பகுதியில் வீட்டுக் கரன்ட்டைப் பிரித்து நிறுத்த டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, தொட்டால் வீட்டுக் கரன்ட்டே அடிக்கும். ஆகவே சார்ஜில் போட்டபடி திறக்கவே கூடாது. பழுது பார்த்ததை முதல் தடவை நேரே பிளக்கில் மாட்டாமல் சீரிஸ் லாம்ப் வழியாக, அதாவது கரன்ட் வரும் வழியில் ஒரு குண்டு பல்பை இடையில் வைத்து, மாட்டிப் பார்ப்பது நல்லது. ஷார்ட் இருந்தால் அந்தக் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் காப்பாற்றவும் முடியாது. ஐசியைக் கறுப்புத் தார்ப்பொட்டுக்குள் மூடி வைத்த போர்டு போனால் போனதுதான். காதில் செருகும் குட்டி ப்ளூடூத்தைக் கொண்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்போது காசு விஷயம். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்காரர் அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 50 ரூபாய் கேட்டால், ‘புதுசே 100 ரூபாய்தானே’ என்கிறோம். அவர் கேட்பதும் நியாயம், நாம் சொல்வதும் நியாயம். அந்த அரை மணியில் பெரும்பகுதி பழுதை நீக்க ஆவதில்லை, திறக்கத்தான் ஆகிறது. ஒரு சலங்கை உதிர்ந்த கொலுசை யாரும் தூக்கிப் போடுவதில்லை, வெள்ளிக்கு விலை இருப்பதால் பட்டறைக்கு வந்துவிடுகிறது. மலிவான பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஐந்து நிமிடத்தில் திறக்க முடிந்தால் 20 ரூபாய்க்குச் செய்து தரக் கடைக்காரருக்கும் கட்டும், கொண்டு போக நமக்கும் மனசு வரும்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி அரசு பேசாமல் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். 2024-இல் கைபேசி, மின்னணுத் துறைக்குப் பழுதுநீக்கக் குறியீடு, அதாவது ஒரு பொருளை எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்று காட்டும் மதிப்பெண், வகுக்க ஒரு குழுவும் அமைத்தது. பிரான்சில் 2021-லேயே அப்படிப்பட்ட குறியீடு நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கேயும் தொடங்கியது கைபேசி, லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின், புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றில்தான். எங்கே பார்த்தாலும் விலை கூடிய பொருளுக்கே முதல் மரியாதை. வாஷிங் மெஷினைப் பழுது பார்க்க ஆள் ஏற்கெனவே இருக்கிறார், வீட்டுக்கே வருகிறார். என் திண்ணைக்கு வரும் சாமான்களுக்குத்தான் நாதியில்லை.

விலை பார்க்காத சட்டம் ஒன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. 2023-இல் கொண்டுவந்த பேட்டரி சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் சாதனங்களில், சில விலக்குகள் போக, உள்ளே உள்ள சிறிய பேட்டரியை வாங்கியவரே கடையில் கிடைக்கும் கருவிகளால் கழற்றி மாற்ற முடிய வேண்டும். இங்கே வேண்டியதும் அதுதான். பாதுகாப்புக்காகத்தான் ஒட்டுகிறோம் என்று கம்பெனிகள் சொல்லும். 230 வோல்ட் ஓடும் அடாப்டருக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம். சார்ஜிலிருந்து கழற்றிய பிறகு திறப்பதற்கு, 4 வோல்ட் பேட்டரி இருக்கும் அறைக்குத் தனி மூடி போட்டு ஒரு ஸ்க்ரூ வைப்பதில் என்ன ஆபத்து?

இதற்காகப் புதிதாக ஓர் அலுவலகம் திறக்க வேண்டியதில்லை. எல்இடி பல்பு, கைபேசி சார்ஜர் போன்றவை ஏற்கெனவே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவில் இருக்கின்றன. பாதுகாப்பைச் சோதிக்க அனுப்பும் அதே மாதிரிப் பொருளில், திறக்க முடிகிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லலாம். பேட்டரி உள்ள சின்னச் சாமான்களில் ஆரம்பித்தால் போதும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வணிகப் பக்கத்தில் புதுப் பொருட்களை அறிமுகம் செய்யும்போது விலை, நிறம், வாரண்டி எல்லாம் போடுகிறீர்கள். எந்த ஸ்க்ரூட்ரைவரால் திறக்கும், பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்பதையும் கம்பெனியிடம் கேட்டு ஒரு வரி போடுங்கள். பதில் சொல்லாத கம்பெனி என்றால் அதையும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
சிவதாபுரம், சேலம்.