நெருக்கடிக் குழுவில் சேரும் சக ஆதரவாளர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். மனநல நெருக்கடியைத் தாங்களே கடந்து வந்து, இப்போது அதில் இருப்பவர்களுக்குத் துணை நிற்பவர்கள்தான் சக ஆதரவாளர்கள். புதிதாகப் பணிக்கு வருபவர்கள் தனிச்செய்தியில் அதிகம் கேட்பது, "என் கதையை எவ்வளவு சொல்லலாம்?" என்பதுதான். பொதுவில் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சமாகச் சொல்லுங்கள். "நானும் இப்படி ஓர் இரவைக் கடந்திருக்கிறேன்" என்ற ஒரு வரியே பல நேரம் போதும். எதிரில் இருப்பவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு தடம் மாறிவிட்டது என்று அர்த்தம். நீங்கள் தற்கொலைக்கு முயன்றிருந்தால், அந்த முறை பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் குழுவிடம் சொல்லியே ஆக வேண்டும். அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்தைக் கூட்டு, குறை என்பது நம் வேலை இல்லை. அதே போல, ஒருவரை எதற்காவது சம்மதிக்க வைக்க நம்மை அனுப்பினால் தயங்காமல் மறுக்கலாம். நாம் போவது அவர் பக்கத்தில் உட்கார. (சில மருத்துவர்களுக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.)

ஊதியம் கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு: அமெரிக்காவில் மாநிலங்கள் இந்தப் பணிக்கு மெடிக்கெய்டு (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வழியாகக் கட்டணம் தரலாம் என்று 2007இலேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. பயிற்சி, சான்றிதழ், மேற்பார்வை எல்லாம் உள்ள தொழில் இது.

அப்புறம், கனமான அழைப்புக்குப் பிறகு மேற்பார்வையாளரிடம் பேசாமல் வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். பணிநேரம் மாற்ற வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள்.