செயலாளரின் ஆண்டறிக்கை: காவல் மாற்றிய நாய்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, உறுப்பினர்களின் காலடியில் படுத்திருப்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போரின் மன உளைச்சலோடு வீடு திரும்பிய முன்னாள் படைவீரர்களுக்குத் துணை நாய்களைப் பெற்றுத்தரும் நம் சங்கத்தின் செயலாளராக நான் பொறுப்பேற்று ஓராண்டு நிறைவடைகிறது. படையில் ஒரு நாள்கூடப் பணியாற்றாத ஒருவர் இந்தப் பொறுப்புக்கு வந்தது இதுவே முதல் முறை. தேர்தல் நாளன்று எழுந்து நின்று இதை ஆட்சேபித்த மூத்த உறுப்பினர்தான் ஆண்டு முழுவதும் பதிவேடு எழுத எனக்கு உதவினார் என்பதையும் பதிவு செய்கிறேன். படைவீரரின் மனைவி என்ற தகுதி மட்டுமே எனக்கு உண்டு. அந்தத் தகுதியில் பார்த்தவற்றைத்தான் இந்த அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

மாதந்தோறும் கூடினோம். ஒரு கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, கால்நடை மருத்துவச் செலவு நாம் நினைத்ததைவிடக் கூடுதல் என்பதைத் தவிர.

நம் கூடத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கவனிப்பது நாற்காலிகளைத்தான். சுவரை ஒட்டிய நாற்காலிகள், அதிலும் வாசலைப் பார்த்தபடி இருப்பவை, கூட்டம் தொடங்கும் முன்பே நிறைந்துவிடும். நடுவில் போட்டவை காலியாகவே கிடக்கும். முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் நம்மவர்களால் அங்கே உட்கார முடியாது. சென்ற ஆண்டு புதிதாக நாய் பெற்ற உறுப்பினர் ஒருவர், ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள் நடுவரிசையில் உட்கார்ந்தார். நாய் அவருடைய நாற்காலிக்குப் பின்னால், வாசலைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தலைவர் மட்டும் ஒரு முறை தொண்டையைச் செருமினார்.

நாய் என்ன செய்கிறது என்று வெளியாட்கள் கேட்கும்போது அன்பு, ஆறுதல் என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். அது பொய்யில்லை, ஆனால் போதாது. போர்க்களத்தில் உயிரைக் காப்பாற்றுவது விழிப்பு. சிறு சத்தத்துக்கும் உடல் துள்ள வேண்டும், ஒவ்வொரு கூரையையும் சன்னலையும் கண் அளக்க வேண்டும். வீடு திரும்பியதை மனம் ஏற்றுக்கொண்டாலும், உடலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. காவல் முடிந்தது என்று சொல்லி மாற்றிவிட ஆள் வராத காவலாளியைப் போல அது நின்றுகொண்டே இருக்கிறது. நாய் வந்தால் அந்த மாற்று ஆள் வந்துவிடுகிறது. உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "இரவில் சத்தம் கேட்டால் நான் இப்போது சன்னலைப் பார்ப்பதில்லை, அதன் காதைப் பார்க்கிறேன். காது மடங்கிக் கிடந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம்."

சொந்தக் கதையை ஆண்டறிக்கையில் எழுதுவது மரபில்லை. ஒரு பத்தி மட்டும் மரபை மீறுகிறேன். என் கணவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. கட்டிலின் கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். தொடக் கூடாது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டார்கள். கெட்ட கனவு வரும் இரவுகளில் நான் கால்மாட்டில் நின்றே விடியும். நாய் வந்த மூன்றாவது வாரம், அவர் முனகத் தொடங்கியதும் அது எழுந்து போய்த் தன் மூக்கை அவருடைய மணிக்கட்டுக்கு அடியில் நுழைத்துக் கையை மேலே தள்ளியது. அவர் விழிக்கவில்லை என்றதும் மறுபடி தள்ளியது. அவர் கண் திறந்தார், அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார், மூச்சு சீரானது. நான் கதவருகில் நின்று பார்த்தேன், பிறகு போய்ப் படுத்துக்கொண்டேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு அன்று தூங்கியது அவர் மட்டும் இல்லை. நாயைப் பற்றிய பேச்சில் வீட்டிலுள்ள மற்றவர்களின் தூக்கம் கணக்கில் வருவதே இல்லை என்பது என் குறை.

வாசிப்புக் கூட்டங்களை இந்த ஆண்டும் நடத்தினோம். நாயைத் துணைக்கு வைப்பது ஏதோ புதிய மோகம் என்று நினைப்பவர்களுக்காகப் பழைய செய்திகளிலிருந்து தொடங்கினோம். 1944இல் நியூ கினியாவில் பதுங்குகுழி ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட ஸ்மோக்கி என்ற யார்க்‌ஷயர் டெரியர், இரண்டு கிலோகூட எடையில்லாத குட்டி நாய். அதை வளர்த்த அமெரிக்கப் படைவீரர் வில்லியம் வின் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோது நண்பர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். அவரைப் பார்க்க வந்த நாய் மற்றக் காயமுற்றவர்களின் படுக்கைகளையும் சுற்றி வந்தது. அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் பாலிங் என்ற ஊரில், அமெரிக்க வான்படையின் உடல்நலம் தேறும் விடுதியில், வீரர்களுக்குப் பண்ணை விலங்குகளைப் பராமரிக்கும் வேலை கொடுக்கப்பட்டது. போர் விட்டுச்செல்லும் இந்த மன உளைச்சலுக்கு அமெரிக்க மருத்துவப் பட்டியலில் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், என்று பெயர் கிடைத்தது 1980இல்தான். பெயர் வருமுன்பே நாய் வந்துவிட்டது என்று பதிவேட்டு உதவியாளர் குறிப்பெழுதியிருக்கிறார். அதை நீக்க மனம் வரவில்லை.

ஆய்வுகளையும் வாசித்தோம், எச்சரிக்கையோடு. 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 156 பேர் பங்கேற்றார்கள். பயிற்சி பெற்ற நாய் கிடைத்தவர்கள் 81 பேர், வரிசையில் காத்திருந்தவர்கள் 75 பேர். யாரிடம் நாய் இருக்கிறது என்று தெரியாத மதிப்பீட்டாளர்களே மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் நாய் உள்ளவர்களின் அறிகுறிகள் குறைந்திருந்தன. கேட்டதும் கூடத்தில் கைத்தட்டல் எழுந்தது. உடனே அடுத்ததையும் வாசித்தேன். அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறை 181 பேரை 18 மாதங்கள் கவனித்தது. சிறப்புப் பயிற்சி பெற்ற நாய்க்கும் வெறும் துணையாக இருக்கும் நாய்க்கும் இடையே அறிகுறிகளில் சிறிது வேறுபாடு தெரிந்தது. அன்றாடச் செயல்பாட்டிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரண்டு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. கைத்தட்டல் இல்லை. ஆனால் நம் சங்கத்துக்கு இந்த இரண்டாவது ஆய்வுதான் அதிகம் தேவை. நாயை மருந்தாக நினைத்து மருத்துவரிடம் போவதை நிறுத்திய உறுப்பினர்கள் நம்மிடையே உண்டு. நாய் இருப்பதால்தான் சிகிச்சைக்கு வீட்டை விட்டு வெளியே வர முடிகிறது என்பவர்களும் உண்டு. நாம் வளர்க்க வேண்டியது இவர்களின் எண்ணிக்கையை.

இனி, சொல்ல விருப்பமில்லாத ஒன்று. இந்த ஆண்டு ஒரு நாய் திருப்பி அனுப்பப்பட்டது. தவறு நாயுடையதும் இல்லை, அதைப் பெற்றவருடையதும் இல்லை, நம்முடையது. அவரிடம் பேசினோம், பொருத்தம் பார்த்தோம், பழகுவதற்கு நாட்கள் கொடுத்தோம். அவருடைய வீட்டில் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் படுக்கையை விட்டு எழ முடியாத நாட்களில் நாயை நடக்க அழைத்துப் போனது, குளிப்பாட்டியது, உதிர்ந்த முடியைப் பெருக்கியது எல்லாம் வயதான அவருடைய தாய். ஏற்கெனவே ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில் இன்னொன்றையும் வைத்தோம். நாயை அழைத்துவர நான்தான் போனேன். வாரை என் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "இது நல்ல நாய்தான். என்னால்தான் முடியவில்லை." அவர் மன்னிப்புக் கேட்கும்படி நேர்ந்ததற்குச் சங்கத்தின் சார்பில் இங்கே வருத்தம் தெரிவிக்கிறேன். மேலே சொன்ன அரசு ஆய்வேகூட, வீடுகளில் நாய்கள் குழந்தைகளைக் கடித்ததால் 2012இல் இடைநிறுத்தப்பட்டது. வீடு என்பது ஒருவர் மட்டும் வாழும் இடமல்ல என்று அவர்களும் பட்டுத்தான் அறிந்தார்கள்.

ஆகவே நிர்வாகக் குழு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறது. இனிமேல் விலங்கு கேட்டு விண்ணப்பிப்பவரின் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும், குழந்தைகள் உட்பட, தனித்தனியாகச் சந்தித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம். இது தாமதத்தைக் கூட்டும் என்று மறுப்பு வரும். கூட்டட்டும். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும், நாம் இரண்டு மாதம் பொறுக்கலாம்.

நாய் ஒத்துவராதவர்களுக்கு வேறு வழிகளையும் பார்த்தோம். குதிரைகளோடு பழகும் முகாமுக்குச் சிலர் போய்வந்தார்கள். குதிரை இரையாகும் விலங்கு, எப்போதும் விழிப்பிலேயே இருப்பது. பதற்றத்தோடு அருகில் போனால் அது விலகும், மூச்சைச் சீராக்கி அமைதியாக நின்றால் நெருங்கி வரும். போனவர்களில் ஒருவர், "அது என்னைப் போலவே இருக்கிறது, ஆனால் என்னைவிட நேர்மையாக" என்றார். லாஸ் ஏஞ்சல்ஸில் முன்னாள் படைவீரர் மருத்துவ வளாகத்திலேயே, கைவிடப்பட்ட கிளிகளை வீரர்கள் பராமரித்த இடம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நமக்கும் கிளி வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்தது. கிளிகள் போடும் சத்தத்தைக் கருதிக் குழு அதை ஒத்திவைத்துள்ளது. பூனை வளர்க்கும் உறுப்பினர் தம்மை இந்த அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். குறிப்பிட்டுவிட்டேன்.

இரங்கல். நம் சங்கத்தின் முதல் நாய் இவ்வாண்டு முதுமையால் இறந்தது. அதை வளர்த்தவர் முதல் மூன்று வாரம் அதற்குப் பெயரே வைக்காமல் இருந்தவர். பெயர் வைத்தவர்களை எல்லாம் இழந்துவிட்டேன் என்பார். இப்போதும் விடியற்காலை அதே நேரத்துக்கு எழுந்து, அதே வழியில், வாரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டு வருகிறார். வழியில் சந்திப்பவர்கள் நாய் எங்கே என்று கேட்கிறார்கள், அவரும் நின்று பதில் சொல்கிறார். நாய் வருவதற்கு முன் அந்தத் தெருவில் அவர் யாரிடமும் பேசியதில்லை. இரண்டாவது நாய்க்கு விண்ணப்பம் கொடுத்தோம். படிவத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார், இன்னும் நிரப்பவில்லை. நாமும் கேட்கவில்லை. மௌன அஞ்சலி வேண்டாம், மௌனம் தமக்கு ஒத்துவராது என்று அவர் சொல்லியிருப்பதால் அந்த நிகழ்வு நிகழ்ச்சி நிரலில் இல்லை.

கடைசியாகச் சில அறிவிப்புகள். பட்டாசு வெடிக்கும் நாட்களில் யாருக்காவது தனியாக இருக்க முடியவில்லை என்றால் கூடத்தின் சாவி என்னிடம் இருக்கிறது, எந்த நேரமும் கேட்கலாம். தண்ணீர்க் கிண்ணங்கள் இன்று பின்வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. கூட்டம் முடிந்ததும் அவற்றைக் கழுவி வைக்க இருவர் தேவை. சென்ற முறை நான் ஒருத்தியே கழுவினேன்.

இங்ஙனம்,
செயலாளர்