மூடுவதென்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள்

2021 ஏப்ரல், கடைசி வாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கொரோனாவுக்காக நாடு முழுக்க மறுபடியும் ஊரடங்கு தேவையா?’ என்று வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். வந்த பதில்களையும் படித்தேன். உயிர் முக்கியம் என்று சிலர், பிழைப்பு முக்கியம் என்று சிலர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூடுவதானால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதுதான் முதல் கேள்வி. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் மேலாளர். மேலாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சாவி கொடுப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, ரிஜிஸ்டர் எழுதுவது எல்லாம் நான்தான். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காளமும் இந்தியும் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, அப்புறம் வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வருகிறார்கள். இரண்டு நாளில் முடிகிற வைத்தியமாக இருந்தால் இவ்வளவு தூரம் வர மாட்டார்கள். வாரக்கணக்கில் தங்குவார்கள். அதனால்தான் இங்கே லாட்ஜ்களில் சமையல் மேடை இருக்கும், கேஸ் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். காலையில் எங்கள் மாடிப்படி ஏறினால் கடுகு எண்ணெய் வாசனை தூக்கும். அவர்களை நாங்கள் ‘தாதா’, ‘தீதி’ என்று கூப்பிடுவோம், வங்காளத்தில் அண்ணன், அக்கா. என்னையும் அவர்கள் தாதா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன வருடம், 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் மாடியில் இருந்த அத்தனை பேரும் வராந்தாவுக்கு வந்து தட்டு தட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு நாள் விஷயம்தானே என்று எல்லோருக்கும் ஒரு உற்சாகம். அடுத்த செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். பன்னிரண்டு மணியிலிருந்து நாடு மூடப்படும், 21 நாள். இடையில் இருந்தது நான்கு மணி நேரம். ரயில் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. காட்பாடி ஸ்டேஷன் எங்களுக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே போய் நின்றாலும் ஏற வண்டி இல்லை.

எங்கள் இரண்டாம் மாடியில் ஜார்க்கண்டிலிருந்து ஒரு குடும்பம் இருந்தது. பையனுக்கு இதய ஆபரேஷன் முடிந்து, ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ரிட்டர்ன் டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது. 21 நாள் மே 3 வரை போனது, அப்புறம் 17 வரை. ஒவ்வொரு முறையும் அந்தத் தகப்பன் கீழே இறங்கி வந்து, என் மேஜைமேல் இருக்கும் காலண்டரை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் மேலே போவார். கையிலிருந்த பணம் வைத்தியத்துக்கே போய்விட்டது. ஊர்க்காரர் யாரோ அக்கவுண்டில் போட்டதை எடுக்க ஏ.டி.எம். தேடிப் போனால் வழியில் போலீஸ் கேள்வி. அரிசியும் பருப்பும் சிலர் கொண்டுவந்து கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கை நீட்ட வைத்தது எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

மே முதல் வாரத்தில்தான் காட்பாடியிலிருந்து ராஞ்சி பக்கம் ஹட்டியாவுக்குச் சிறப்பு ரயில் புறப்பட்டது. ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள், அதில் நோயாளிகளும் கூட இருந்தவர்களும்தான் நிறைய. ஆக, ஆறு வாரம் கழித்து விட்ட ரயிலை முதல் வாரத்திலேயே விட்டிருக்க முடியும். மூடிய அன்று நாடு முழுக்கத் தொற்று ஐந்நூறு சொச்சம்தான். ஆறு வாரம் கழித்து ஐம்பதாயிரத்தை நெருங்கியது. எப்போது அனுப்பியிருந்தால் ஆபத்து குறைவு என்பதற்கு நிபுணர் குழு தேவையில்லை.

இந்த ஏப்ரலில் நிலைமை வேறு, தெரியும். ஒரே நாளில் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிற நர்ஸ் பெண், எங்களிடம்தான் குடிதண்ணீர் கேன் வாங்குவாள். போன வாரம் கேனைக்கூடத் தூக்கத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். “அண்ணா, நீங்க லாக்டவுன் வேண்டாம்னு பேசுறீங்க. எங்க வார்டுல ஒரு பெட் காலியானா அதுக்கு நாலு பேர் வெளியில நிக்கிறாங்க. பத்து நாளாவது கூட்டம் வராம இருந்தா நாங்க மூச்சு விடுவோம்” என்றாள். அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. இன்று தொற்றிக்கொண்டவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் இன்று மூடினாலும் பலன் தெரிய இரண்டு வாரம் பிடிக்கும் என்கிறார்கள். அந்த வார்டுக்குள் நிற்பவர்கள் மூடச் சொல்வது சரிதான்.

ஆனால் மூடச் சொல்கிற எல்லோரும் வார்டுக்குள் நிற்பவர்கள் அல்ல. எங்கள் முனை டீக்கடையில் தினமும் பேச்சு நடக்கிறது (பார்சல்தான் என்று உத்தரவு வந்தாலும் பேச்சுக்கு பார்சல் கிடையாது). ஓய்வூதியம் வாங்குகிற வாத்தியார் ஒருவர், இரண்டு மாதம் இறுக்கி மூட வேண்டும் என்பார். ஆட்டோ ஓட்டும் தம்பி, டியூ கட்ட நீங்க வர்றீங்களா சார் என்று கேட்பான். அவன் கேட்பது விளையாட்டாக இல்லை. போன வருடம் ரிசர்வ் வங்கி தவணையை ஆறு மாதம் தள்ளிவைக்கலாம் என்றது, ஆகஸ்ட் வரை. வட்டி தள்ளிப்போகவில்லை, அது பாட்டுக்கு ஏறியது. மாதம் ஒன்றாம் தேதி பணம் வருகிறவர் ஒரு மாதிரியும், சாயங்காலம் பணம் வருகிறவர் ஒரு மாதிரியும் பேசுகிறார்கள். மக்கள் கருத்து என்று நீங்கள் அச்சடிப்பதில் முதல் வகைதான் அதிகம். கடிதம் எழுத நேரம் இருப்பவர்கள் அவர்கள்தானே. நான்கூட இரவு டெஸ்க்கில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

என் மனைவியின் அக்கா பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறார். கம்பெனி ஆள் இலையும் தூளும் கொண்டுவந்து கொடுத்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. வண்டி ஓடாத மாதங்களில் இலை வரவில்லை. அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த 1000 ரூபாய் வந்தது, ஜன்தன் கணக்கில் மூன்று மாதம் 500 ரூபாய் வீதம் வந்தது. இரண்டும் குழுக் கடன் தவணைக்கே காணவில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போகிற பெண்கள், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான், விரித்துச் சொல்லத் தேவையில்லை.

முன்கூட்டிச் சொன்னால் ஜனம் முண்டியடிக்கும், கிருமி ஊர் ஊராகப் போகும் என்று ஒரு வாதம் வரும். நல்ல வாதம்தான். போன வருடம் ஏப்ரல் 24-ஆம் தேதி, ஞாயிறு முதல் நான்கு நாள் சென்னை, கோவை, மதுரையை முழுக்க மூடப்போவதாகச் சொன்னார்கள். 25-ஆம் தேதி மளிகைக் கடையிலும் கோயம்பேட்டிலும் கூடிய கூட்டத்தை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். அடுத்த சில நாளில் கோயம்பேட்டிலிருந்து லாரியோடு கிருமியும் மாவட்டம் மாவட்டமாகப் போனது. ஆனால் அந்தக் கூட்டம் ஏன் கூடியது? கையில் ஒரே ஒரு நாள் இருந்ததால். ஒரு வாரம் இருந்து, ரயிலும் பஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தால், எல்லோரும் ஒரே காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. சென்ற வாரம் டெல்லியில் இரவு பத்து மணிக்கு ஊரடங்கு என்று அன்றைக்கே அறிவித்தார்கள். ஆனந்த் விகார் பஸ் நிலையத்தில் வெளியூர்த் தொழிலாளிகள் மூட்டையோடு திரண்ட படம் உங்கள் பத்திரிகையிலேயே வந்தது. ஒரு வருடம் கழித்தும் அதே படம்.

சுவர் கட்டிய கதையும் இந்த மாவட்டத்தில்தான் நடந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். போன ஏப்ரல் கடைசியில் ஆந்திர எல்லையில், குடியாத்தத்தை அடுத்த சைனகுண்டாவிலும் பொன்னை பக்கமும், ரோட்டுக்குக் குறுக்கே ஹாலோ பிளாக் கல் வைத்துச் சுவர் எழுப்பினார்கள். சித்தூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் வேலூர்தான். ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று யாரோ கேட்ட பிறகு ஓரிரு நாளில் இடித்தார்கள். சிமெண்டு காய்வதற்குள் இடித்ததால் கல்லாவது மிஞ்சியிருக்கும். அவசரத்தில் போடுகிற உத்தரவு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

யோசித்துப் போட்டால் நல்ல உத்தரவும் போட முடிகிறது. இப்போது இரவு பத்திலிருந்து காலை நான்கு வரை ஊரடங்கு. ஆனால் ரயில் நிலையத்துக்குப் போகவும் வரவும் ஆட்டோ, டாக்சிக்கு அனுமதி உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியால் நள்ளிரவில் காட்பாடியில் இறங்குகிற நோயாளி பிளாட்பாரத்தில் விடியும்வரை கிடக்க வேண்டியதில்லை. பிரதமரும் 20-ஆம் தேதி பேசும்போது, மாநிலங்கள் ஊரடங்கைக் கடைசி ஆயுதமாகத்தான் எடுக்க வேண்டும் என்றார். சரி. மே 2 சட்டமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை முடிந்ததும் கடைசி ஆயுதம் வெளியே வரும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பிரசாரத்துக்குக் கூடிய கூட்டத்தில் பரவாத கிருமி, ஓட்டு எண்ணியதும் பரவும்போலிருக்கிறது.

அப்படி மூடுவதாக இருந்தால் ஏழு நாள் முன்னால் சொல்லட்டும். அந்த ஏழு நாளும் ரயிலை நிறுத்த வேண்டாம், இருக்கிற வண்டியோடு ஹவுரா, ராஞ்சி, குவாஹாட்டி பக்கம் கூடுதல் வண்டி விடட்டும். எத்தனை பேர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கணக்கெடுக்க ஆளில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு லாட்ஜிலும் வருகிறவரின் ஆதார் நகல் வாங்கி, ரிஜிஸ்டரில் ஊர், போன் நம்பர், வந்த காரணம் வரை எழுதி வைக்கிறோம். கேட்கிறபோது போலீசுக்குக் காட்டுகிறோம். வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் ‘சி’ படிவம் ஆன்லைனில் ஏற்ற வேண்டும், தவறினால் எங்கள்மேல் வழக்கு. இவ்வளவு விவரமும் கையில் இருக்கிறது. அதைக் குற்றவாளி பிடிக்க மட்டுமல்லாமல் டிக்கெட் போடவும் பயன்படுத்தலாம். அதே வாரத்தில் நிவாரணப் பணமும் போய்ச் சேர வேண்டும். மூடிய பிறகு டோக்கன் கொடுத்து வரிசையில் நிற்க வைப்பதைவிட, மூடும் முன்னால் கொடுத்துவிட்டால் வரிசையே கலைந்துவிடும். தடுப்பூசி போடுகிற இடத்துக்குப் போகும் பஸ்ஸையும் நிறுத்திவிடாதீர்கள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இப்போது போடுகிறார்கள், மே 1 முதல் 18 வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்றிருக்கிறது. போன வருடம் இல்லாத ஒன்று இது.

இன்னொன்று, ஊருக்குப் போக முடியாமல் தங்கிவிடுகிறவர்களின் அறை வாடகை. ஆபரேஷன் ஆகிப் படுத்திருப்பவரை ஏழு நாளில் கிளம்பச் சொல்ல முடியாது. போன முறை எங்கள் முதலாளி முதல் மாதம் பாதி வாடகை வாங்கினார், அப்புறம் கரண்ட் பில்லுக்கு மட்டும் வாங்கினார். கமர்ஷியல் ரேட்டில் பில் வந்துகொண்டேதான் இருந்தது. சில லாட்ஜ்களில் முழு வாடகை கேட்டுச் சண்டையும் நடந்தது. யாரைக் குறை சொல்வது? அடுத்த உத்தரவில் இதற்கும் ஒரு வரி எழுதட்டும்: வாடகையில் லாட்ஜ்காரர் எவ்வளவு விடுவார், அரசு எவ்வளவு கொடுக்கும், கரண்ட் பில் எப்போது கட்டலாம் என்று. எங்கள் லாட்ஜில் இப்போதும் ஒரு அறை காலியில்லை. “தாதா, பந்த் ஹோகா க்யா?” (மூடுவார்களா?) என்று ஒவ்வொருவராகக் கீழே வந்து கேட்கிறார்கள். மே 2-க்கு அப்புறம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
லாட்ஜ் மேலாளர் ஒருவர்,
தோட்டப்பாளையம், வேலூர்.