ஊரைக் காலி செய்தது பிளேக் அல்ல, ஆடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள வாரம் பெர்சி என்ற பாழூரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் 1349இல் பிளேக் வந்தது, ஊரே அழிந்தது என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டீர்களே, அதுதான் இடிக்கிறது.

பிளேக் அந்த ஊரையும் விடவில்லை, சரி. ஆனால் 1368இல் அங்கே 30 வீடுகளில் ஆட்கள் குடியிருந்ததாக ஆவணம் இருக்கிறது, 1458இல்கூட 16 வீடுகள் இருந்தன. கடைசிக் குடும்பங்கள் போனது 1500ஐ ஒட்டித்தான், அதாவது பிளேக் வந்து நூற்றைம்பது வருடம் கழித்து. அதுவும் நிலப்பிரபு விரட்டித்தான் போனார்கள். 1517இல் அரசு நடத்திய விசாரணையில், ஹில்டன் என்ற பிரபு அங்கே 4 ஏர் உழவை நிறுத்தி 4 வீடுகளைப் பாழாக விட்டதாகப் பதிவாகியிருக்கிறது.

ஏன் விரட்ட வேண்டும்? பிளேக்கில் நாட்டின் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்காவது போய்விட்டது, அதனால் கூலி ஏறியது, தின்ன வாய் குறைந்ததால் தானிய விலை சரிந்தது. கம்பளிக்கோ நல்ல கிராக்கி. உழவென்றால் ஊர் நிறைய ஆள் வேண்டும், ஆட்டுக்கு ஒரு மேய்ப்பனும் ஒரு நாயும் போதும், பிரபுக்கள் அந்தக் கணக்கைச் சீக்கிரமே போட்டுவிட்டார்கள். மன்னர் ஏழாம் ஹென்றி 1489இலேயே ஊர்களை இடிக்கக் கூடாதென்று சட்டம் போட்டார், பெரிதாக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆக, பிளேக்குக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆக்ஸ்போர்டுஷயரில் டஸ்மோர் போல பிளேக்கிலேயே காலியான ஊர்களும் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் இப்படிக் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே நோயின் தலையில் கட்டினால் விரட்டியவர்கள் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், அந்த ஊரில் கிடைத்த எரிந்த மனித எலும்புகள். கட்டுரையில் பாதி இடத்தை இதற்கே கொடுத்திருக்கிறீர்கள். 2017இல் வெளியான ஆய்வு பேசியது 137 எலும்புகளைப் பற்றி, குறைந்தது பத்துப் பேருடையவை. செத்தவர்கள் எழுந்து நடமாடுவார்கள் என்ற பயத்தில் பிணங்களை வெட்டி எரித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து, சுவாரஸ்யமான கருத்துதான். அதே ஊரின் மண்ணிலிருந்து எடுத்த எலும்புக்கூடுகள் ஏறக்குறைய 700. அந்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்துதான் அங்கே தாய்மார்கள் குழந்தைகளுக்கு ஒன்றரை வயது வரை பாலூட்டினார்கள் என்று கண்டுபிடித்தார்கள், என்னைக் கேட்டால் பேய்க்கதையைவிட இதுதான் பெரிய செய்தி.

வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அங்கே தோண்டினார்கள், உங்கள் கட்டுரையில் அவர்கள் பெயரே இல்லை. குறுகலான குழிகளாகத் தோண்டாமல் ஒரு வீட்டின் பரப்பு முழுவதையும் திறந்து, அடுக்கடுக்காகப் பார்த்தார்கள். சுவர்கள் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டு, குடியானவர் வீடு ஒரு தலைமுறைகூடத் தாங்காத குடிசை என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் கூரையைத் தாங்கியது சுவரே அல்ல, வளைந்த பெரிய மரச்சட்டங்கள் என்று புரிந்தது. சுவர் போனாலும் வீடு நிற்கும். ஆக அவர்கள் வாழ்ந்தது ஒன்றும் ஓட்டைக் குடிசையில் அல்ல.

தேவாலயமும் ஊரோடு மூடப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் தவறு. பக்கத்து ஊரான திக்ஸெண்டேலுக்கு 1870 வரை சொந்தத் தேவாலயம் கிடையாது, அந்த ஜனங்கள் இங்கேதான் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் வழிபாடு நடந்தது, கோபுரத்தில் ஒரு பகுதி விழுந்ததே 1959இல்தான்.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும் அடுத்த இதழில் போட்டால் நல்லது. பெரிய படத்தில் தெரியும் புல்மேடுகளுக்குக் கீழே 'பிளேக் கல்லறைகள்' என்று அச்சாகியிருக்கிறது. அவை வீடுகளின் அடித்தளமும் தோட்ட எல்லைகளும். புதைத்த இடம் தேவாலயத்தைச் சுற்றித்தான் இருக்கிறது, அது அந்தப் படத்திலேயே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்